பெல்ஜியம் சாப்பாட்டுக் கடை: சைவ அம்மாவுக்கும் கறிப்பிரியர் அப்பாவுக்கும் என்ன வாங்கலாம்?

திருநகர்_செல்வி
மதுரை கே.கே.நகர் பக்கம் புதிதாக பெல்ஜியம் பாணி சாப்பாட்டுக் கடை ஒன்று வந்திருக்கிறது. பெரிய ஹோட்டல் எல்லாம் இல்லை, மர மேசை போட்டு சாதாரணமாகத்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாள், வழக்கமாகப் போகிற டவுன்ஹால் ரோட்டை விட்டுவிட்டு இந்தத் தடவை அங்கே கூட்டிப்போக ஆசை. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். அப்பாவுக்கு கறிதோசையும் சுக்காவும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம், ஆனால் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை, சமையலில் பீர், ஒயின் கலந்தாலும் ஆகாது. மெனுவில் ஃப்ரைட்ஸ், மசல்ஸ், வாட்டர்சோய், கார்பனாட், வாஃபிள் என்று இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன், இரண்டு பேரும் மனசாரச் சாப்பிட்டு வர வேண்டும்.

பசுமலை_கார்த்தி
அக்கா, நான் பெல்ஜியத்தில் லூவனில் படித்தவன். முதலில் ஃப்ரைட்ஸ் சொல்லுங்கள், அந்தக் கடையின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு நறுக்கி, 150 டிகிரி எண்ணெயில் நிறம் மாறாமல் வேகவைத்து எடுத்து, நன்றாக ஆறவிட்டு, அப்புறம் 180 டிகிரியில் இரண்டாவது தடவை போட்டு எடுப்பார்கள். ஆறவிடுகிற நேரத்தை மிச்சம் பிடித்தால் வெளியே மொறுமொறுப்பு வராது, தட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே தொய்ந்துவிடும். கிழங்கும் முக்கியம். ரொம்ப நாள் குளிர்க்கிடங்கில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும், எண்ணெயில் விட்டதும் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். வறுவல் பழுப்பாக, லேசான இனிப்போடு வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

அம்மாவுக்காக ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் பழைய வழக்கப்படி மாட்டுக்கொழுப்பில்தான் வறுப்பார்கள். மதுரையில் அப்படிச் செய்ய வாய்ப்பு குறைவு, ஆனால் சிக்கன் போட்ட எண்ணெயிலேயே கிழங்கையும் போடுகிறார்களா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கார்பனாட் என்பது மாட்டுக்கறியை வெங்காயத்தோடு கறுப்பு பீரில் மணிக்கணக்காக வேகவைப்பது. கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டை மேலே போட்டு மூடுவார்கள், அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம். வாட்டர்சோய் கென்ட் நகரத்து உணவு, முதலில் மீனில் செய்தது, இப்போது பெரும்பாலும் கோழியில். காய், க்ரீம், முட்டை மஞ்சள்கரு சேர்ந்த வெள்ளைக் குழம்பு. காரமே இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் கரண்டியிலேயே முகம் சுளித்துவிடுவார். சிலர் இதிலும் ஒயின் விடுவார்கள், கேளுங்கள்.

கோச்சடை_மீனா
அந்தக் கடைக்கு நாங்கள் குடும்பமாகப் போய் வந்தோம். கார்பனாட்டை அங்கே ஆட்டுக்கறியில் செய்கிறார்கள், பீர் இல்லை, புளிப்புக்கு வினிகரும் கொஞ்சம் வெல்லமும் சேர்ப்பதாகச் சொன்னார்கள். கறி பஞ்சு போல வெந்திருந்தது, என் மாமனார் முழுசாகச் சாப்பிட்டார். இனிப்பு தூக்கலாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கறி வேகவைத்த பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம், மிளகுத்தூள் மேசைக்குக் கேட்டால் தருகிறார்கள்.

ஃப்ரைட்ஸுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் மயோனைஸ் பற்றி அம்மாவுக்கு பயம் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸை நம் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததிலிருந்து நான் போகிற கடைகளில் முட்டை இல்லாததுதான் வைக்கிறார்கள், இங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள். வாஃபிளில்தான் கவனம், மாவில் முட்டை உண்டு. முட்டை இல்லாமல் வேண்டும் என்று உட்கார்ந்தவுடனே சொன்னால் தனியாகக் கலக்குகிறார்கள், நேரமாகும்.

பசுமலை_கார்த்தி
மீனா அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாஃபிளில் இரண்டு வகை உண்டு. பிரஸ்ஸல்ஸ் வகை செவ்வகமாக, ஆழமான குழிகளோடு, லேசாக இருக்கும். லியேஜ் வகை கனமான மாவு, உள்ளே முத்து முத்தாகச் சர்க்கரை, சுடும்போது அது உருகி ஓரமெல்லாம் பாகு பிடித்திருக்கும். லியேஜ் வகை இருந்தால் அதற்கு மேல் சாக்லேட் ஊற்ற விடாதீர்கள், வேண்டவே வேண்டாம், அந்தப் பாகின் ருசியே போய்விடும். அப்புறம் இன்னொன்று, கென்ட் நகரத்தில் 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாக வைத்திருக்கிறார்கள். பெல்ஜியம் சமையலில் சைவம் வராது என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், காளானும் சீஸும் வைத்து ஏதாவது செய்து தரச் சொல்லுங்கள்.

குளச்சல்_மதுரையில்
மசல்ஸை யாரும் சொல்லவில்லையே. அது எங்கள் ஊர்ச் சிப்பிதான், கேரளாவில் கல்லுமக்காய். பெல்ஜியத்தில் நெதர்லாந்தின் ஜீலாந்துக் கடலிலிருந்து வருவதை செலரி, வெங்காயம் போட்டு ஒயினில் ஆவி கட்டி, பானையோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். முதல் சிப்பியைத் தின்றதும் அந்தக் காலி ஓட்டையே இடுக்கியாகப் பிடித்து மற்றதை எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். மதுரைக்குக் கடல் பக்கமில்லை, அதனால் எந்த ஊரிலிருந்து வந்தது, என்றைக்கு வந்தது என்று கேளுங்கள். தடுமாறிப் பதில் சொன்னால் வேண்டாம். வெந்த பிறகும் வாய் திறக்காத சிப்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும், நெம்பித் திறந்து சாப்பிடக் கூடாது.

திருநகர்_செல்வி
ரொம்ப நன்றி, நல்ல வேளை கேட்டேன். அப்பாவுக்கு ஆட்டுக்கறி கார்பனாட், அம்மாவுக்கு ஃப்ரைட்ஸும் காளான் ஏதாவதும், முட்டையில்லாத வாஃபிள் ஒன்று. எண்ணெய் விஷயத்தை நாளைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன். ஞாயிறு இரவு கூட்டமாக இருக்குமா மீனா?

கோச்சடை_மீனா
எட்டு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. ஏழு மணிக்கே போய்விடுங்கள், வாஃபிளை அப்போதே சொல்லி வையுங்கள்.