ங்குனி மக்களின் மூதாதையர் ஆவிகள்: இறந்தவர் அனைவரும் காவலராவார்களா?

கேள்வி:
ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சூலு, கோசா, சுவாசி உள்ளிட்ட ங்குனி மக்களிடையே, மறைந்த முன்னோர் குடும்பத்தைக் காக்கின்றனர் என்ற நம்பிக்கை இருப்பதாகப் படித்தேன். ஒருவர் இறந்தவுடனேயே அந்த நிலையை அடைந்துவிடுகிறாரா? படைத்த கடவுள் ஒருவர் உண்டென்று ஏற்பவர்கள் முன்னோரிடம் முறையிடுவது ஏன்?

மறுமொழி 1:
உடனே அடைவதில்லை. சூலு மரபில், ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் குடும்பத்தார் மாடு அறுத்து நடத்தும் ‘உகுபுயிசா’ சடங்கின் மூலமே இறந்தவர் வீட்டுக்கு மீட்டழைக்கப்பட்டு, அமட்லோசி எனப்படும் முன்னோருடன் சேர்கிறார். பழைய வழக்கில் இது பெரும்பாலும் குடும்பத் தலைவருக்கே உரியதாக இருந்தது. வெளியூரில் இறந்தவராயின், ஒருவகை இலந்தை மரத்தின் கிளையை அவ்விடத்துக்குக் கொண்டுசென்று, அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அக்கிளையுடன் திரும்புகின்றனர். அதைச் சுமப்பவர் வழியில் பிறருடன் பேசுவதில்லை. பேருந்தில் வரும்போது ஆவிக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு வாங்குவோர் இன்றும் உண்டு.

மறுமொழி 2:
இரண்டாம் கேள்விக்கு: படைப்பாளியான உம்வெலிங்காங்கி அன்றாட வாழ்வுக்கு எட்டாத தொலைவில் இருப்பவராகக் கருதப்படுகிறார்; முன்னோரோ வீட்டிலேயே இருக்கின்றனர். வட்டக் குடிசையில் வாயிலுக்கு எதிரே, பின்சுவரை ஒட்டிய ‘உம்சாமோ’ என்ற பகுதி அவர்களுக்குரியது. அங்கே இம்பெபோ என்ற மூலிகையைப் புகைத்து, பலியிட்ட மாட்டின் இறைச்சியையும் சோளத்தில் வடித்த மதுவையும் வைத்துப் பேசுகின்றனர். இதை வழிபாடு என்று மட்டும் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை, ஏனெனில், துன்பம் நீங்காதபோது “இவ்வளவு தந்தும் எங்களை ஏன் கைவிட்டீர்கள்?” என்று முன்னோரைக் கடிந்துகொள்வதும் அந்த உரையாடலில் அடங்கும். நோய்க்கு முன்னோரின் மனக்குறை காரணமா என்பதைக் குறிசொல்லும் சங்கோமாவே கண்டறிகிறார். அவரும் முன்னோரின் அழைப்பால் நோயுற்று, நீண்ட பயிற்சிக்குப் பின் அப்பணியை ஏற்றவர்தாம்.

மறுமொழி 3:
கோசா மரபில் பலியிடப்படும் விலங்கு கதறினால்தான் முன்னோர் ஏற்றனர் என்று பொருள் கொள்வர். பொதுவாக ஒருவரின் முன்னோர் அவருடைய குலத்துக்கே உரியவர். அந்த எல்லை விரிவடைந்த நிகழ்வு 1856இல் நடந்தது. நுரையீரல் நோயால் மாடுகள் மடிந்துகொண்டிருந்தபோது, மாடுகளைக் கொன்று தானியங்களை அழித்தால் இறந்தோர் அனைவரும் புதிய மந்தைகளுடன் எழுவர் என்று நோங்கவுசே என்ற இளம்பெண் அறிவித்தாள். கோசா மன்னர் சர்கிலியும் அதை ஏற்றார். அடுத்த ஆண்டு பஞ்சத்தில் மாண்டோர் சுமார் 40,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. உயிர் தப்பியோரில் பலர் ஆங்கிலேயர் ஆண்ட கேப் குடியேற்றத்தில் கூலிவேலை தேடிச் சென்றனர்.