கடை டேலியைக் குடோன்ல இருந்து திறக்கணும்: போர்ட் திறந்தும் ரிமோட் டெஸ்க்டாப் கிடைக்கலை

மஞ்சள்மண்டி:
வணக்கம்ங்க. கடை ஈரோட்டுல, குடோன் பெருந்துறையில. ரெண்டு பக்கமும் வேற வேற கம்பெனி ஃபைபர் லைன். கடையில விண்டோஸ் 11 ப்ரோ, டேலி பிரைம் (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா அதோட டி டிரைவ்ல இருக்கு. குடோன்ல விண்டோஸ் 11 ஹோம். லோடு ஏறும்போதே குடோன்ல பில் போட்டு, அங்கேயே டாட் மேட்ரிக்ஸ்ல பிரிண்ட் எடுக்கணும்.

கடை சிஸ்டத்துல ரிமோட் டெஸ்க்டாப் (ஒரு சிஸ்டத்தோட திரையை இன்னொரு சிஸ்டத்துல இருந்து இயக்குற வசதி) ஆன் பண்ணி, ரவுட்டர்ல அதோட வாசல் எண்ணான 3389 போர்ட்டை 192.168.1.10-க்கு, அதாவது கடை சிஸ்டத்துக்கு, ஃபார்வர்ட் பண்ணியாச்சு. கடைக்குள்ள லேப்டாப்ல இருந்து போனா உடனே திறக்குது. குடோன்ல இருந்து போனா கொஞ்ச நேரம் சுத்திட்டு எரர் வருது. ஃபயர்வாலை அணைச்சுப் பாத்தாலும் அதேதான்.

கேபிள்காரன்:
முதல்ல ஃபயர்வாலை மறுபடி ஆன் பண்ணுங்க. கடைக்குள்ள திறக்குதுன்னா சிஸ்டத்துல கோளாறு இல்லை. ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) என்ன காட்டுது? பிரவுசர்ல "என் ஐபி என்ன"ன்னு தேடினா வர்ற எண்ணும் அதுவும் ஒண்ணா?

மஞ்சள்மண்டி:
ஒண்ணு இல்லைங்க. ரவுட்டர்ல 100.72-ல ஆரம்பிக்குது. பிரவுசர்ல வேற எண்.

கேபிள்காரன்:
அதான் விஷயம். 100.64.0.0-ல இருந்து 100.127.255.255 வரைக்கும் உள்ள முகவரிகளை இணைய கம்பெனிகள் தங்களுக்குள்ள பயன்படுத்திக்கன்னு 2012-ல ஒதுக்கினாங்க. ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் குடுக்குறாங்க. இதுக்கு சிஜிநாட்னு பேர். நீங்க போர்ட் திறந்தது உங்க ரவுட்டர்ல. வெளியில இருந்து வர்ற இணைப்பு அதுக்கு முன்னாடியே கம்பெனியில இப்படிப் பங்கு போடுற நாட் பெட்டியில நின்னுடுது. உங்க ரவுட்டர்ல எத்தனை போர்ட் திறந்தாலும் அது உங்ககிட்ட வந்து சேராது.

பெட்டிதட்டி:
ஸ்டாடிக் ஐபி (மாறாத தனிப் பொது முகவரி) வாங்கிடுங்க சார். 3389-ஐ 33890-னு மாத்திட்டா யாருக்கும் தெரியாது.

நூல்கண்டு:
அது வேண்டாம். இணையம் முழுக்க எல்லா போர்ட்டையும் ஸ்கேன் பண்ற நிரல்கள் ராப்பகலா ஓடுது. எண்ணை மாத்தினாலும் அந்தப் பக்கம் பேசுறது ரிமோட் டெஸ்க்டாப்னு அதுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். 2019-ல வந்த ப்ளூகீப்ங்கிற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டையில பாஸ்வேர்டே தேவைப்படலை. அது விண்டோஸ் 7 மாதிரி பழைய பதிப்புகளுக்குத்தான்னாலும், கணக்கு இருக்குற சிஸ்டத்தை இணையத்துல நேரடியா திறந்து வைக்கக் கூடாது. மஞ்சள்மண்டி, இப்பவே அந்த ஃபார்வர்டை எடுத்துடுங்க.

சிஜிநாட் உள்ளே வர்றதைத்தான் தடுக்கும், வெளியே போறதைத் தடுக்காது. ரெண்டு சிஸ்டமும் வெளியே போய் நடுவுல சந்திக்கிற மாதிரி வச்சுட்டா வேலை முடிஞ்சது. உங்க அளவுக்கு டெயில்ஸ்கேல்னு இப்படி இணைக்கிற நிரல் போதும்:

1. ரெண்டு சிஸ்டத்துலயும் நிறுவி ஒரே கணக்குல நுழையுங்க. ஒவ்வொண்ணுக்கும் 100-ல ஆரம்பிக்கிற ஒரு முகவரி கிடைக்கும்.
2. கடை சிஸ்டத்துல அதோட மெனுவுல "ரன் அன்அட்டெண்டட்" டிக் பண்ணுங்க. இல்லேன்னா யாராவது லாகின் பண்ற வரைக்கும் இணைப்பு வராது.
3. நிர்வாகப் பக்கத்துல கடை சிஸ்டத்துக்கு "கீ எக்ஸ்பைரி"யை அணைச்சுடுங்க. வழக்கமான கெடு 180 நாள். விட்டுட்டா அது முடியுற அன்னிக்கு எல்லாம் நின்னுடும்.
4. குடோன்ல ரன் பெட்டியில எம்எஸ்டிஎஸ்சி (mstsc, ரிமோட் டெஸ்க்டாப் நிரல்) அடிச்சு, கடை சிஸ்டத்தோட புது முகவரியைக் குடுங்க.

விண்டோஸ் ஹோம்ல இருந்து வெளியே போகலாம், அதுக்குள்ளதான் ரிமோட் டெஸ்க்டாப்ல வர முடியாது. அதனால குடோன்ல ஹோம் இருக்குறது பிரச்சனை இல்லை. கடை சிஸ்டத்துக்குள்ள வர பின் நம்பர் ஏத்துக்காது, பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டே இல்லாத யூசரையும் உள்ளே விடாது.

மஞ்சள்மண்டி:
ஃபார்வர்டை எடுத்தாச்சு. ரவுட்டர்லயும் 100, இதுலயும் 100. மோதாதா? ரெண்டு பக்க லேனும் (உள் நெட்வொர்க்) 192.168.1 தான், அது பரவாயில்லையா?

கேபிள்காரன்:
மோதாது. 100.72 உங்க ரவுட்டரோட வெளிப்பக்கத்துல இருக்கு, சிஸ்டத்துக்குக் கிடைச்சிருக்கிறது 192.168 தான். டாங்கிள் மாதிரி ஏதாவது, கம்பெனி குடுக்குற 100 முகவரியை நேரா சிஸ்டத்துக்கே குடுத்தாதான் சிக்கல்.

சிஸ்டத்துல இருந்து சிஸ்டத்துக்குப் போற வரைக்கும் லேன் ஒரே மாதிரி இருக்கிறதும் பாதிக்காது. பின்னாடி கடையோட சிசிடிவி டிவிஆரையும் குடோன்ல பாக்கணும்னு சப்நெட் ரவுட்டிங் (கடை லேன் முழுசையும் டெயில்ஸ்கேல் வழியா திறக்குறது) போட்டா அப்ப குழம்பும். 192.168.1.20-னு கேட்டா அது பக்கத்துல இருக்குற பெட்டியா, கடையில இருக்குறதான்னு குடோன் சிஸ்டத்துக்குத் தெரியாது. இப்பவே குடோன் ரவுட்டரை 192.168.51-க்கு மாத்தி வச்சுடுங்க.

மஞ்சள்மண்டி:
சூப்பர்ங்க, திறந்துடுச்சு! ஆனா குடோன்ல லாகின் பண்ணினதும் கடையில ஸ்கிரீன் லாக் ஆயிடுது. அதனால டி டிரைவை ஷேர் பண்ணி, குடோன்லயே டேலி போட்டு அந்த டேட்டாவைத் திறந்தா?

நூல்கண்டு:
செய்யாதீங்க. டேலி ஒரு வவுச்சரைச் சேமிக்க ஃபைலோட பல முறை போய்வருது. லேன்ல ஒரு தடவைக்கு 1 மில்லி செகண்டுகூட ஆகாது. குடோன்ல இருந்து வர்ற இந்த இணைப்புல 30 மில்லி செகண்ட்னு வைங்க. 200 தடவைன்னா 6 செகண்ட், ஒவ்வொரு வவுச்சருக்கும். லைன் வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது, ஏன்னா இங்க தாமதம்தான் கணக்கு. அதைவிட மோசம், எழுதிக்கிட்டு இருக்கும்போது லைன் விட்டா டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. டேட்டா கடையிலேயே இருக்கட்டும், குடோனுக்குத் திரை மட்டும் வந்தா போதும்.

ஸ்கிரீன் லாக் ஆகுறது கோளாறு இல்லை. விண்டோஸ் ப்ரோவுல ஒரு நேரத்துல ஒருத்தர்தான். இதை உடைக்கிற ராப்பர் நிரல்களைச் சிலர் சொல்லுவாங்க. அது லைசென்ஸுக்கு விரோதம், விண்டோஸ் அப்டேட் வந்தா நின்னும் போகும். கடையிலேயே இன்னொரு சிஸ்டம், 8 ஜிபி ராம் இருந்தா போதும், விண்டோஸ் ப்ரோ போட்டு மானிட்டர் இல்லாம ஓரமா வைங்க. கடை லேன் வழியா அது டேட்டாவைத் திறக்கட்டும். குடோன்காரர் அதுக்குள்ள வரட்டும். ஆனா டேலி சில்வர் ஒரு ஆளுக்குத்தான், இதுக்கு கோல்டு லைசென்ஸ் வேணும்.

பெட்டிதட்டி:
அந்தப் பெட்டியில பயாஸ்ல (சிஸ்டம் தொடங்கும்போது திறக்குற அடிப்படை செட்டிங்) "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்"னு இருக்கும், அதைப் பவர் ஆன்ல வைங்க. ஸ்லீப் "நெவர்". கரண்ட் போய் வந்தா தானா எழுந்துக்கும். கடை ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மினி யூபிஎஸ் போடுங்க, அடாப்டர்ல 12 வோல்ட்னு இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

மஞ்சள்மண்டி:
கோல்டு இருக்கு, பழைய சிஸ்டமும் இருக்கு. மாத்தி வச்சாச்சு, கடையில யாருக்கும் தொந்தரவு இல்லை. ரெண்டு சந்தேகம். சில நேரம் டைப் பண்ற எழுத்து தாமதமா வருது. டாட் மேட்ரிக்ஸ்ல பிரிண்ட் வருது, ஆனா ரொம்ப மெதுவா, படம் மாதிரி அடிக்குது.

கேபிள்காரன்:
தாமதத்துக்கு: கமாண்ட் பிராம்ப்ட்ல டெயில்ஸ்கேல் பிங் குடுத்து, பக்கத்துல கடை சிஸ்டம் பேரை அடிங்க. பதில்ல டெர்ப்னு வந்தா ரெண்டு பக்கமும் நேரா சந்திக்காம ரிலே வழியா சுத்துதுன்னு அர்த்தம். ரெண்டு ரவுட்டர்லயும் ஐபிவி6 (புது வகை இணைய முகவரி) ஆன் பண்ணுங்க. அதுல சிஜிநாட் இல்லாததால பெரும்பாலும் நேர் வழி கிடைச்சுடும். எம்எஸ்டிஎஸ்சி எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்துல குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தா வால்பேப்பர், அனிமேஷன் எல்லாம் போயிடும்.

நூல்கண்டு:
பிரிண்டுக்கு: ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமா "ஈஸி பிரிண்ட்" டிரைவரைப் பயன்படுத்தும். அது பக்கத்தைப் படமாக்கி அனுப்புது. டாட் மேட்ரிக்ஸுக்கு அது ஒத்துவராது. குடோன் பிரிண்டரோட அதே டிரைவரை, அதே பேர்ல, கடையில இருக்குற அந்தப் பெட்டியிலயும் நிறுவுங்க. அங்கேயே ஜிபிஎடிட் (gpedit.msc, விண்டோஸ் பாலிசி எடிட்டர்) திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், செஷன் ஹோஸ்ட், பிரிண்டர் ரீடைரக்‌ஷன் வரைக்கும் போங்க. ஈஸி பிரிண்டை முதல்ல பயன்படுத்துங்கிற வரியை "டிசேபிள்" பண்ணுங்க. சாளரத்தை மூடினா மட்டும் செஷன் முடியாது, சைன் அவுட் பண்ணி மறுபடி உள்ளே வாங்க. அப்புறம் டேலியில பிரிண்ட் பார்மேட்டை "டாட் மேட்ரிக்ஸ்"னு மாத்துங்க, "நீட் மோட்"ல விட்டா மறுபடியும் படமாத்தான் போகும்.

மஞ்சள்மண்டி:
டேலியில "நீட் மோட்"லதான் இருந்திருக்கு. டிரைவரும் போட்டு, ஜிபிஎடிட்லயும் மாத்தியாச்சு. இப்ப எழுத்து எழுத்தா அடிக்குதுங்க. ஐபிவி6 குடோன் ரவுட்டர்ல அணைஞ்சு கிடந்துச்சு, ஆன் பண்ணினதும் டெர்ப் போயிடுச்சு.