கில்வா கிசிவானி இடிபாடுகள்: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

அலையாத்தி:
கில்வா கிசிவானி ஒரு தீவு. எதிர்க்கரையில் இருக்கிற தான்சானியாவின் கில்வா மசோகோ ஊரில் படகு பேசும்போது நேரத்தை இரண்டு தடவை கேளுங்கள். சுவாஹிலிக் கணக்கும் நம் நாழிகை மாதிரி விடியலில்தான் தொடங்கும். "ஸா டாட்டு" என்றால் சொல்லுக்கு மூன்று மணி. கடிகாரத்தில் காலை 9. இது தெரியாமல் பேசினால் படகும் போய்விடும், தண்ணீரும் வற்றிவிடும். தீவில் கெரேசாக் கோட்டைக்கு முன்னால் படகு தரைதட்டி நின்ற அந்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது: கீழே சேறு, சேற்றுக்குள் கத்தி மாதிரி பவளக்கல். வாரில்லாத செருப்பு அங்கேயே புதைந்துவிடும். வற்றத்தில் போகவே போகாதீர்கள்.

சுண்ணாம்புக்காளவாய்:
பெரிய பள்ளிவாசலைப் பற்றி யாரும் எழுதவில்லையே! வடபகுதி 11-ஆம் நூற்றாண்டு. தெற்கே குவிமாடங்களோடு விரிவது 14-ஆம் நூற்றாண்டில், சுல்தான் அல்-ஹசன் இப்னு சுலைமான் காலத்தில் சேர்த்தது. மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1331-இல் வந்தபோது ஆட்சியில் இருந்தவர் அவர்தான். சுவருக்குக் கரடுமுரடான பவளப்பாறை. செதுக்கு வேலைக்கு மட்டும் கடலுக்குள்ளிருந்து உயிரோடு வெட்டிய பவளம். ஈரத்தில் மென்மையாக இருக்கும்போதே செதுக்கிவிடுவார்கள், காற்றுப்பட்டதும் இறுகிவிடும். செதுக்கிய கல்லின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் நட்சத்திரக் குழிகள் வரிசையாகத் தெரியும். கையை வைக்காதீர்கள், பூச்சு உதிரும். பவளத்தைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு அது. அதன்மேல் சிமெண்டு பூசினால் உள்ளே போன உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே பொரிந்து உதிர வைத்துவிடும்.

தெற்குக்கரை:
அலையாத்தி, வற்றத்தில் போகவே கூடாது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஹுசுனி குப்வா அரண்மனைக்குக் கரையோரமாக நடக்க வற்றம்தான் நேரம். தண்ணீர் ஏறியிருந்தால் ஊருக்குள் சுற்றுவழி, கொஞ்சம் கூடுதல் நடை. நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காலை 10 மணி வாக்கில் கடல் நன்றாக வற்றும், அஷ்டமியை ஒட்டி அதே நேரத்தில் ஏறி நிற்கும். நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக, பௌர்ணமி என்றால் காலை 7 மணிக்கே (ஸா மோஜா) மசோகோவில் ஏறுங்கள். இறங்கியதும் கோட்டை, பள்ளிவாசல். தண்ணீர் இறங்கிய பிறகு கரைவழியே அரண்மனை. நூற்றுக்கு மேற்பட்ட அறைகளும் எட்டு மூலைக் குளமும் அங்கேதான். அரண்மனை நிற்கிற மேட்டின் விளிம்பைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது, ஓரத்தில் நிற்காதீர்கள். அனுமதிச் சீட்டை முந்தின நாளே மசோகோவில் வாங்கிவிடுங்கள். சில்லறையாக ஷில்லிங், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தோளும் முழங்காலும் மூடிய உடை. இடிபாட்டைச் சுற்றி ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள், தொழுகை நடக்கிற ஊர். மார்ச் முதல் மே வரை பெருமழை, அப்போது வேண்டாம்.

நீலச்சில்லு:
கரைவழி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். காலடியில் சீனப் பீங்கான் சில்லு பளிச்சென்று கிடக்கும். அலை ஒதுக்கியதுதானே என்று பையில் போடாதீர்கள். 1964 தொல்பொருள் சட்டப்படி குற்றம். அலை ஒதுக்கியதாக நினைப்பது பல நேரம் மேட்டிலிருந்து அப்போதுதான் சரிந்த மண்ணோடு வந்தது. மேட்டின் எந்த மண்ணடுக்கு இடிகிறது என்பதற்கு அதுதான் தடயம். பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படமெடுங்கள், வழிகாட்டியிடம் இடத்தைக் காட்டுங்கள். நாணயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.