4 அடி மீன் தொட்டி, 6 யெல்லோ லேப்: கூட எதை விடலாம், எதை விடக்கூடாது?

மஞ்சள்வால் கேட்டது:

வணக்கம். தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கல், மணல் போக 210 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. மணிக்கு 1200 லிட்டர் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைப்பது) ஒன்று, பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. 3 மாதமாக ஓடுகிறது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. போர் தண்ணீர், பிஎச் 8, டிடிஎஸ் 850. உள்ளே இப்போது 5 செ.மீ. அளவில் 6 யெல்லோ லேப் (மஞ்சள் நிற சிக்லிட் மீன்) மட்டும்.

கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல்: ஆரட்டஸ் 3, கென்யி 2, ரெட் ஜீப்ரா 4, பீகாக் ஆண் 2, ஆஸ்கர் குஞ்சு 1. "எல்லாமே சிக்லிட் குடும்பம்தானே, சின்னதிலேயே சேர்த்து விட்டால் பழகிடும்" என்கிறார்கள். இதில் எது தேறும்?

கரும்பாறை:

அப்படியே வாங்கினால் ஒரு வருடத்தில் ஒரே ஒரு ஆரட்டஸ் ஆண் மட்டும் மிஞ்சும், தொட்டி முழுக்க அதற்குத்தான்.

ஆஸ்கரை முதலில் அடித்துவிடுங்கள். அது தென் அமெரிக்க ஆற்று மீன், ஓர் அடி வளரும், வாயில் நுழைவதை விழுங்கும். லேப் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்கில் வாழ்வது. இரண்டுக்கும் தண்ணீரும் வேறு, சாப்பாடும் வேறு.

"சின்னதில் விட்டால் பழகிடும்" என்பது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. 4 செ.மீ. குஞ்சுகள் சண்டை போடாது. 6, 7 செ.மீ. ஆகி ஆணுக்கு நிறம் மாறத் தொடங்கியதும் இடம் பிடிக்க ஆரம்பிக்கும். அதுவரை "பழகி" இருந்ததெல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். ஆரட்டஸ் அதில் முதல் ரகம். ஆண் கறுத்துவிட்டால் பெண்ணைக்கூட விட்டுவைக்காது, 4 அடி தொட்டியில் ஓடி ஒளிய இடமே இருக்காது.

கென்யியில் வேறு சிக்கல். குஞ்சும் பெண்ணும் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். சிக்லிட் முதலில் அடிப்பது தன்னைப் போலத் தெரியும் மீனைத்தான். உங்கள் லேப் ஆறும் அதன் கண்ணுக்குப் போட்டி ஆண்கள்.

ரெட் ஜீப்ரா அந்த அளவு முரடு இல்லை. ஆனால் லேப்புடன் சுலபமாகக் கலந்து குஞ்சு போடும். சந்தையில் துடுப்பில் கறுப்புக் கோடு மங்கி, ஆரஞ்சு அடித்த "லேப்" பார்த்திருப்பீர்கள், பல அந்தக் கலப்புதான்.

என் பட்டியல்: இருக்கிற லேப் 6, ரஸ்டி 6, மஞ்சள் வால் ஏசெய் 6. மஞ்சள், பழுப்பு கலந்த ஊதா, நீலம் என்று மூன்றும் மூன்று தோற்றம். லேப்பும் ரஸ்டியும் 10 செ.மீ. பக்கம் நிற்கும். ரஸ்டி சாது. ஏசெய் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் கூட்டமாகத் திறந்த இடத்தில் நீந்தும், அதனால் மோதல் குறையும். சவுலோசியை யாராவது சொல்வார்கள், வேண்டாம். அதன் பெண் மஞ்சள், லேப்போடு குழப்பம் வரும்.

மணல்திட்டு:

ஏசெய் விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். 15 செ.மீ. வளர்ந்து கூட்டமாக ஓடும் மீனுக்கு 4 அடி கடைசி எல்லை. 5 அடி தொட்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே லேப் 6, ரஸ்டி 8 போதும்.

பீகாக்கை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். ம்புனாவிலேயே (மலாவி ஏரியின் பாறைவாழ் சிக்லிட்கள்) பீகாக்குடன் ஒத்துப்போகும் சிலவற்றில் லேப் ஒன்று. ஆனால் அது தனி வழி: ரஸ்டியும் இல்லை, ஜீப்ராவும் இல்லை, கல் குறைவு, மணல்வெளி அதிகம். பீகாக் மணலுக்கு மேலே அசையாமல் நின்று, அடியில் நெளியும் புழு பூச்சியைத் தாடையின் உணர்வுக் குழிகளால் கண்டுபிடித்துக் கொத்தும். கல் மேல் துரத்திக்கொண்டே இருக்கும் ம்புனாக்களுக்கு நடுவில் அது மூலையில் ஒதுங்கி, நிறம் வற்றி, சாப்பிடாமல் நின்றுவிடும். கடையில் பளபளத்தது வீட்டுக்கு வந்து சாம்பலாகிவிட்டது என்று பலர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்த வழியில் போனால் ஆண்கள் மட்டும், 5 அல்லது 6. நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என ஒரு நிறத்துக்கு ஒன்றுதான். இரண்டு வகைப் பெண்களைக் கலக்கவே கூடாது. எல்லாம் ஒரே சாம்பல், எது எதன் பெண் என்று நமக்கும் தெரியாது, ஆணுக்கும் தெரியாது.

மஞ்சள்வால்:

ரஸ்டி வழியே போகிறேன். மொத்தமாக விடுவதா, பிரித்தா? டிடிஎஸ் 850 இருப்பதால் கடினத்தன்மை போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

உப்புக்கிணறு:

கூடாது. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருப்பது எவ்வளவு என்று மட்டும் சொல்லும், எது என்று சொல்லாது. கடலோரப் போர் தண்ணீரில் அந்த 850-ல் பெரும்பகுதி சாப்பாட்டு உப்பாகவே இருக்கலாம். கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை), ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) இரண்டுக்கும் சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். கேஎச் 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். 5-க்குக் கீழே என்றால், 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா கேஎச்சை 1 டிகிரி ஏற்றும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஃபில்டரில் ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் போட்டால் பிஎச் கீழே விழாமல் பிடிக்கும். பவளத் துண்டு எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பிஎச் 7-ல் அம்மோனியாவின் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. உங்கள் பிஎச் 8-ல், 28 டிகிரி வெப்பத்தில், அது 6, 7 பங்கு. மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளும் 0.5 அம்மோனியா உங்கள் தொட்டியில் மீனின் செவுளைச் சுடும். கேனிஸ்டர் பெட்டியில் போட்டிருக்கும் 1200-ஐயும் நம்ப வேண்டாம். உள்ளே மீடியா (வடிகட்டும் பொருள்) நிரப்பி, குழாய் ஏறி வரும்போது 700, 800 வந்தால் பெரிது. இன்னொரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இப்போதே போட்டு, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் வளர ஓடவிடுங்கள்.

கரும்பாறை:

மணல்திட்டு சொன்னது சரி, 4 அடிக்கு ஏசெய் இறுக்கம்தான். ரஸ்டி 8 போதும்.

எட்டையும் ஒரே நாளில் விடுங்கள். இரண்டிரண்டாக விட்டால் புதிதாக வரும் ஒவ்வொரு ஜோடியையும் பழையவை சுற்றி வளைக்கும். ஃபில்டருக்கு அது திடீர்ச் சுமை, அதனால் முதல் 10 நாள் தீனி பாதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியா டெஸ்ட். கொஞ்சம் காட்டினாலும் உடனே 40 சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும். வழக்கமாக வாரம் 30, 40 சதவீதம். வரும் மீனை முதலில் 3, 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

விடுகிற அன்று விளக்கை அணைத்து, கல்லை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள். லேப் பிடித்து வைத்திருக்கும் எல்லை அழிந்தால் எல்லாருக்கும் அது புது ஊர். கல் மணல் மேல் உட்காரக் கூடாது. இவை தோண்டும், அடி மணல் போனால் கல் சரிந்து கண்ணாடி விரியும். அடிக்கண்ணாடியில் மெல்லிய தெர்மாகோல், அதன் மேல் கல், கடைசியில் மணல். ஒவ்வொரு இடுக்குக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் என்றால் ஒளிந்த மீனை உள்ளேயே வைத்து அடிக்கும்.

தீனி ஸ்பைருலினா (பாசி) பெல்லட், தினம் இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தீர்கிற அளவு. டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டு இதயம் பக்கம் போகாதீர்கள்.

மஞ்சள்வால்:

நன்றி அண்ணா. பெரிய லேப் ஒன்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, கல்லுக்குப் பின்னால் நிற்கிறது. வயிற்று நோயா?

மணல்திட்டு:

வாயைப் பாருங்கள். தொண்டைப் பை உப்பி, எதையோ மெல்லுவதுபோல் தாடை அசைந்தால் அது பெண், வாயில் முட்டை வைத்திருக்கிறது. 5 செ.மீ.க்குச் சீக்கிரம்தான், ஆனால் பெரியது என்கிறீர்களே, நடக்கலாம். முதல் தடவையில் பாதியிலேயே விழுங்கிவிடும், பயப்பட வேண்டாம். நிலைத்தால் சுமார் 3 வாரம் பட்டினி கிடக்கும், தொந்தரவு செய்யாதீர்கள்.

தாடை சாதாரணமாக இருந்து, தீனியை வாயில் எடுத்துத் துப்பி, வெள்ளையாக நூல்போல் மலம் தொங்கினால் அது ப்ளோட், நீங்கள் கேட்ட வயிற்று நோய். அப்போது இன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். தாடையை நேராக ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.