மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

என் அம்மா முடக்குவாதத்திற்காகப் பல ஆண்டுகளாக, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் ஸ்டீராய்டும் எடுத்துக்கொள்பவர். சென்ற ஐப்பசியில் நெற்றியின் இடப்பக்கம் எரிகிறது என்றார். சீப்பு பட்டாலே துடித்தார். இரண்டு நாளில் புருவத்துக்கு மேல் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பின. அக்கி என்று எல்லோரும் சொன்னார்கள், அது சரிதான். பெரியம்மா அம்மாவைக் குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய், வழக்கப்படி மூன்று நாள் அக்கி எழுதிவரச் செய்தார். காவி குளிர்ச்சியாக இருந்ததாக அம்மா இன்றும் சொல்கிறார். அவர்கள் அன்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் நெற்றி முதல் மூக்கு வரை காய்ந்து கிடந்த காவிப் பூச்சுக்கு அடியில், மூக்கு நுனியில் புதிதாக எழும்பிய ஒற்றைக் கொப்புளம் எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

நான்காம் நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது. கண் மருத்துவர் ஈரப்பஞ்சால் காவியைத் துடைத்துவிட்டு, கண்ணைப் பார்க்கும் முன் மூக்கு நுனியைத்தான் பார்த்தார். கண்ணுக்குச் செல்லும் நரம்பின் கிளையே அங்கும் செல்வதால், அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்றார். சின்னம்மைக்குப் பின் நரம்பில் உறங்கிக் கிடந்த வைரஸ், எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் விழித்திருக்கிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர், 800 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 5 வேளை, எங்களுக்குத் தாமதமாகவே கிடைத்தது. கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. முடக்குவாதத்துக்கான அந்த மருந்துகளை எடுப்பவர்களுக்கு அக்கி வரக்கூடும் என்று இத்தனை ஆண்டுகளில் எந்த மருத்துவரும் எங்களிடம் சொன்னதில்லை என்பதுதான் ஆறாத வருத்தம்.

*

மேலே உங்கள் அம்மாவின் கதையைப் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். உங்கள் அம்மாவை வலியாவது எச்சரித்தது. என் தம்பிக்கு அதுவும் இல்லை. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் மாதம், கண் முன் கொசு பறப்பதுபோல் இருக்கிறது என்றான். சிவப்போ வலியோ இல்லாததால் கண்ணாடிக் கடைக்குத்தான் போனோம். பிறகு சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தபோது, விழித்திரையில் இரத்தக் குழாய்களை ஒட்டி வெண்திட்டுகளும் இரத்தக் கசிவும் தெரிந்தன. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் விழித்திரையைத் தாக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் என்றார்கள். அந்த வைரஸை அடக்கக் கண்ணுக்குள் கான்சிக்ளோவிர் ஊசி, கூடவே வால்கான்சிக்ளோவிர் மாத்திரை. அந்த மாத்திரை இரத்த வெள்ளையணுக்களைக் குறைக்கும் என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளையும், புதுச் சிறுநீரகத்துக்கு ஆபத்து வராதபடி, சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். இப்போது தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரிலுள்ள நாட்காட்டியைப் படிக்கிறான், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறான்.