பென்சில்வேனியா ஃப்ளிண்ட்லாக் மான் வேட்டை: .45, .50, .54 – எந்தக் கலிபர்?

கேள்வி – நதிக்கரையான்

வணக்கம். பென்சில்வேனியாவின் வடக்கு மலைக்காடுகளில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் ஃப்ளிண்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய பாணித் துப்பாக்கி) பருவத்தில் வெண்வால் மான் வேட்டைக்குச் செல்ல எண்ணியுள்ளேன். நவீன ரைஃபிளோடு சில பருவங்கள் காட்டுக்குப் போன பழக்கம் உண்டு. ஆனால் குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் மஸில்லோடரை இப்போதுதான் முதன்முறையாக வாங்கப் போகிறேன். துணியில் பொதிந்த ஈய உருண்டையையே பயன்படுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கடையில் .45, .50, .54 என மூன்று கலிபர்களைக் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) காட்டுகிறார்கள். மானுக்கு .44 கலிபருக்குக் குறையாத நீள்குழல் துப்பாக்கி வேண்டும் என்பது மாநில விதி. எனவே மூன்றுமே சட்டப்படி சரிதான். நான் உட்காரும் சரிவில் ஹெம்லாக் மரங்களும் மலை லாரல் புதர்களும் அடர்ந்து நிற்பதால் 60 கஜத்துக்கு அப்பால் தெளிவாகக் குறிபார்க்க இயலாது. வலத்தோளில் பழைய காயம் ஒன்று இருப்பதால் உதைப்பைப் பற்றியும் கவலை உண்டு. உதைப்புக் குறைந்த .45 போதுமா, அல்லது மானை வதைக்காமல் விரைவில் வீழ்த்த இன்னும் பெரிய உருண்டை தேவையா?

மறுமொழி – கரிமருந்து

நண்பரே, என் விடை .50. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நவீன ரைஃபிளில் பழகியவர்கள் கலிபரை எடைபோடும் முறை இங்கே செல்லாது. அங்கே குழலின் விட்டத்தை மாற்றாமலே நீளமான குண்டைப் போட்டு எடையைக் கூட்டிக்கொள்ளலாம். உருண்டையில் அதற்கு வழியில்லை. விட்டம்தான் எடையைத் தீர்மானிக்கிறது, அதுவும் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப. .45 குழலுக்கு வழக்கமாக இடும் .440 அங்குல உருண்டை ஏறத்தாழ 128 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்); .50 குழலுக்குரிய .490 அங்குல உருண்டை 177 கிரெயின்; .54 குழலுக்குரிய .530 அங்குல உருண்டை சுமார் 225 கிரெயின். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் விட்டத்தில் உள்ள வேறுபாடு ஐந்தில் ஒரு பங்குதான். எடையோ முக்கால் பங்கு கூடிவிடுகிறது.

மேலும், காற்றை ஊடுருவிச் செல்ல உருண்டையைப் போல மோசமான வடிவம் இல்லை. .50 உருண்டை நொடிக்கு 1,800 அடி வேகத்தில் புறப்பட்டாலும், 100 கஜத்தை எட்டுவதற்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். மருந்தை அள்ளிப் போட்டு இதை ஈடுகட்டப் பார்ப்பவர்கள் உண்டு. கூட்டிய வேகத்தில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்து, தோளுக்கு உதைப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே நாம் நம்பியிருக்க வேண்டியது, கலப்பில்லாத மென்மையான ஈயம் விலா எலும்பைக் கடந்து, உள்ளே சற்றுத் தட்டையாகி, இரண்டு நுரையீரல்களையும் துளைத்துச் செல்வதைத்தான்.

60 கஜத்துக்குள் பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் படும் .45 உருண்டை போதாது என்று நான் சொல்லமாட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பக்கத்துக் கைவினைஞர்கள் செய்த நீள்குழல் ரைஃபிள்களில் பலவும் அந்த அளவை ஒட்டியவையே. ஆனால் மான் எப்போதும் நாம் விரும்பியபடி நிற்பதில்லை. அது சற்றுச் சாய்ந்து நின்று, உருண்டை தோள் எலும்பில் பட்டுவிட்டால், 128 கிரெயின் ஈயத்துக்கு அதற்குப் பின் பெரிதாக வலு இருக்காது. காயத்தோடு லாரல் புதருக்குள் புகுந்த மானைத் தேடுவது வேட்டைக்காரருக்கும் மானுக்கும் கொடுமை. .50-இல் அந்தக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கிறது. 70 கிரெயின் 3எஃப் (நுண்மணி) கரிமருந்தோடு உதைப்பும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். உருண்டை, துணி, துடைப்புக் கருவிகள் ஆகியவை எளிதாகக் கிடைப்பதும் இந்த அளவுக்கே.

மறுமொழி – பனிச்சரிவு

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கே என்னை .54 பக்கம் கொண்டு சேர்க்கிறது. காரணம், இரத்தத் தடம். உருண்டை பட்ட மான் அந்த இடத்திலேயே சாய்வது அரிது. சரியான இடத்தில் பட்டாலும் சிறிது தூரம் ஓடித்தான் விழும். உருண்டை மறுபுறம் வெளியேறியிருந்தால் இரு பக்கமும் இரத்தம் சொட்டும். உள்ளேயே தங்கிவிட்டால், நுழைந்த துளையைக் கொழுப்பும் உரோமமும் அடைத்துக்கொண்டு, தரையில் ஒரு துளிகூடக் காணாமல் போகலாம். டிசம்பர் இறுதியில் பனி விழுந்திருந்தால் தடம் பார்ப்பது எளிது. பனி உருகி, பழுப்பேறிய ஓக் சருகு நனைந்து கிடக்கும் மாலையில் இரத்தத்துளிக்கும் சருகின் நிறத்துக்கும் வேறுபாடே தெரியாது. 225 கிரெயின் உருண்டை மானின் உடலைக் கடந்து வெளியேறும் வாய்ப்பு அதிகம் என்பதால், எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஒரே மாதிரித் துப்பாக்கியில் எண்கோணக் குழலின் வெளி அளவு இரண்டு கலிபருக்கும் ஒன்றாகவே இருந்தால், உள்துளை பெரிதான .54 எடை குறைவாக இருக்கும். மலையேறுபவருக்கு அது நல்லது. ஆனால் எடை குறைந்தால் உதைப்புக் கூடும் என்பதால், தோள் காயத்தோடு இருக்கும் உங்களுக்கு அது எதிராகவே அமையும். எனவே எந்தக் கலிபராக இருந்தாலும் கட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். ஹாக்கன் என்ற பழைய ரைஃபிள் பாணியில் பிறைபோல் உள்வளைந்த பித்தளைத் தகட்டின் முனைகள் தோளில் குத்தும். தட்டையான, அகன்ற பின்தகடு உள்ளதை வாங்குங்கள். பின்னாளில் கொலராடோவுக்கு எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே மானுக்குக் குறைந்தது .40, எல்க்குக்குக் குறைந்தது .50 என்பது விதி. .45 வாங்கினால் அந்தக் கதவு மூடிவிடும்.

கேட்டவர் – நதிக்கரையான்

இருவருக்கும் நன்றி. .45-ஐ விட்டுவிட்டேன். தோளை நினைத்து .50-ஐயே எடுக்கலாம் என்று தோன்றுகிறது. கடையில் தட்டையான பின்தகடுள்ள .50 இரண்டு உள்ளன. ஒன்றில் குழலின் உள்வரிகள் சுழல்வது 48 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. மற்றதில் 66 அங்குலத்துக்கு ஒன்று. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டுமா?

மறுமொழி – லாரல்காடு

கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். உருண்டையை நிலைப்படுத்த மெதுவான முறுக்கே போதும். 66 அங்குலக் குழல் அதற்கென்றே வெட்டப்பட்டது, மருந்தின் அளவு சற்றுக் கூடினாலும் குறி கெடாது. 48 என்பது உருண்டைக்கும் நீளக் குண்டுக்கும் இடையே செய்துகொண்ட சமரசம். மிதமான மருந்தில் அதுவும் உருண்டையை நன்றாகவே எறியும். உருண்டை மட்டும்தான் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதால் 66-ஐ எடுங்கள். 28 அங்குல முறுக்குள்ள குழலை யாராவது மலிவாகத் தந்தாலும் வேண்டாம். அது நீளக் குண்டுகளுக்கானது.

துப்பாக்கி வந்ததும் 50 கிரெயினில் தொடங்கி, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் உச்ச அளவைத் தாண்டாமல், ஐந்தைந்தாகக் கூட்டிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் குழலுக்கு முன்னால் சில கஜத்தில் விழுந்து கிடக்கும் துணியைப் பொறுக்கி வந்து விரித்துப் பாருங்கள். நடுவில் கரிய வட்டமும், அதைச் சுற்றிக் குழலின் வரிப்பள்ளங்கள் பதிந்த கோடுகளும், ஓரத்தில் மட்டும் சிறிது நைந்த நூலும் தெரிந்தால் எல்லாம் பொருந்தியிருக்கிறது. நடுவே கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது எண்ணெய்ப்பசை போதவில்லை. கோடுகளை ஒட்டிக் கிழிந்திருந்தால் குழல்வாயின் விளிம்பு கூராக இருக்கிறது என்று பொருள். .015 முதல் .018 அங்குலம் வரை தடிமனுள்ள பருத்தித் துணியில் தொடங்கலாம்.

கரிமருந்தையே வாங்குங்கள். மாற்று மருந்துகள் தீப்பற்ற அதிக வெப்பம் கேட்பதால், குழலின் பக்கத்தில் பற்றவைப்பு மருந்து இடும் கிண்ணத்திலிருந்து வரும் ஃப்ளிண்ட்லாக் பொறிக்குச் சரியாக எரிவதில்லை. புகையில்லா நவீன மருந்தை இந்தக் குழலில் ஒருபோதும் இடக்கூடாது, குழல் வெடித்துவிடும். உருண்டை மருந்தின்மேல் முழுமையாகப் படிந்திருக்க வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் புடைத்துவிடும். சரியாகக் கெட்டித்தபோது கெட்டிக்கோல் குழல்வாயில் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஐயமில்லாமல் தெரியும்.

பனியில் உட்காரும்போது கிண்ணத்தின் மேல் தோலுறை போட்டு மூடுங்கள். கிண்ண மருந்து ஈரத்தை உறிஞ்சிச் சேறாகிவிடுவதால், அவ்வப்போது துடைத்துவிட்டுப் புது 4எஃப் (இன்னும் நுண்ணிய) மருந்து இடுங்கள். பாதிக் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். விசையை அழுத்தியபின் பொறி, கிண்ணம், குழல் என்று தீ பரவ ஒரு கணம் பிடிக்கும்; அதுவரை குறியிலிருந்து கண்ணையும் துப்பாக்கியையும் அசைக்காமல் இருக்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கத்தை உதைப்புப் பயம் கெடுத்துவிடும் என்பதால்தான் உங்கள் தோளுக்கு .50 சரி என்கிறேன். 60 கஜத்தில் ஆறு அங்குல வட்டத்துக்குள் தவறாமல் விழும் அளவு கிடைத்ததும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தோளை உறுத்தினால் ஐந்து கிரெயின் குறைத்து, மானை 50 கஜத்துக்குள் வரவிட்டுச் சுடுங்கள்.