கார்பன் சிங்க்: தொட்டியா, உறிஞ்சியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘கார்பன் சிங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘கரிமத் தொட்டி’, ‘உள்வாங்கி’ என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘கரிமத் தொட்டி’யை என்னால் ஏற்க முடியவில்லை. தொட்டி என்பது சேர்த்து வைக்கும் இடம். 1992-இன் ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கை முதல் உறுப்பிலேயே இரண்டைப் பிரித்துச் சொல்கிறது: வளிமண்டலத்திலிருந்து பசுமை இல்ல வாயுவை அகற்றும் செயல்முறை சிங்க், அந்த வாயு தங்கியிருக்கும் இடம் ரிசர்வாயர். தொட்டி இரண்டாவதற்குத்தான் பொருந்தும்.

துருவக் கடல் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் பெரிதாகிறது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர் மேற்பரப்புப் பாசியைத் தின்கிறது. அதன் கழிவு விரைவாக ஆழத்துக்கு இறங்க, கார்பனும் கூடவே போகிறது. இது சிங்க். கடலடிச் சேற்றில் புதைந்து கிடப்பது ரிசர்வாயர். முதலாவதைக் காக்கக் கிரில் பிடிப்புக்கு வரம்பு வேண்டும். அடுத்ததைக் காக்கக் கடலடியைச் சுரண்டும் இழுவலை அங்கே இறங்கக் கூடாது. 1980-இல் கையெழுத்தான அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் இரண்டுக்கும் விதிகள் உண்டு. ஆனால் அவை உயிர்வளத்துக்காக எழுதப்பட்டவை, கார்பனுக்காக அல்ல. கார்பனுக்காகவும் அவற்றை இறுக்க வேண்டும் என்று தமிழில் வாதாட வேண்டுமானால், எதைக் காக்கச் சொல்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

இன்னொரு பரிந்துரையான ‘உள்வாங்கி’ காதுக்கு இனிமைதான். ஆனால் ‘கடல் உள்வாங்கியது’ என்றால் நம் கரையோரத்தில் தண்ணீர் பின்வாங்கியது என்று பொருள். 2004-க்குப் பிறகு அதைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. கடலைப் பற்றிய சொல்லாக அது வேண்டாம்.

என் பரிந்துரை: சிங்க் - உறிஞ்சி, ரிசர்வாயர் - தேக்கம். நீர்த்தேக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், முன்னால் ‘கரிம’ வேண்டாம், ‘கார்பன்’ போதும். ‘கரிம’ என்பது கார்பனையும் குறிக்கிறது, ‘ஆர்கானிக்’ என்பதையும் குறிக்கிறது. கடலில் கரைந்துள்ள கார்பனில் பெரும்பகுதி பைகார்பனேட்; அது கரிமச் சேர்மமே அல்ல. அதை ‘கனிமக் கரிமம்’ (இனார்கானிக் கார்பன்) என்று எழுதினால் மாணவர் என்ன செய்வார்? இலங்கை நண்பர்கள் ‘காபன்’ என்றே எழுதட்டும், பின்பாதி ஒன்றாக இருந்தால் சரி.

ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் நான்காம் உறுப்பிலுள்ள ஒரு கடமையைச் சுருக்கி எழுதிப் பார்த்தேன்: “காடுகள், பெருங்கடல்கள் உள்ளிட்ட உறிஞ்சிகளையும் தேக்கங்களையும் பாதுகாத்து மேம்படுத்துதல்.” தடையில்லாமல் வருகிறது. ‘உறிஞ்சி’ ஒரு கருவியின் பெயர்போல ஒலிக்கிறதே என்ற தயக்கம் மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது. ‘உறிஞ்சகம்’ என்றால் மறுபடியும் இடமாகிவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.